ஒன்று புள்ளி ஒன்பது நான்கு

மாட்டுத்தாவணியில் விடிவதற்குள்
மல்லிக்கு மூன்று விலை மாறிவிடும்.
நான் அங்கே விலை சொல்வதில்லை.
ஒச்சுக்காளையின் ஏற்றுமதிக் கிடங்கில்
தெர்மோகோல் பெட்டிகளுக்கு நடுவே
ஒரு லேப்டாப்பும் ஒரு சந்தேகமும் வைத்திருக்கிறேன்.
சம்பளம் சந்தேகத்துக்கு.

டைட்டஸ் கொண்டுவந்த கரைசலுக்கு
நிறமில்லை, வாசமில்லை.
தெளித்தால் மொட்டு சிங்கப்பூரில் இறங்கும்வரை
வாய் திறக்காது என்றார்.
இருக்கலாம்.
வெறும் தண்ணீராகவும் இருக்கலாம்.

வெறும் தண்ணீர் என்றே தொடங்குவோம் என்றேன்.
இன்மை எடுகோள் என்று அதற்குப் பெயர்.
டைட்டஸின் முகம் சுருங்கியது.
திட்டவில்லை சார்.
நிரூபிக்கும்வரை ஒருவனைத் திருடன் என்பதில்லை,
அதுபோல
மருந்தை மருந்து என்னாமல் இருக்கிறோம்.

அறுபது பெட்டி.
சீட்டுக் குலுக்கி முப்பதுக்குக் கரைசல்,
முப்பதுக்குக் குழாய்த் தண்ணீர்.
எதில் எது என்று மொக்கத்தாய்க்குச் சொல்லவில்லை.
பாதி மொட்டு விரியும் நேரத்தை
அட்டையில் பென்சிலால் குறித்தபடி
குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்தி
இரவெல்லாம் நடந்தாள்.

முதல் பெட்டியைத் திறக்கும் முன்பே
சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தேன்: 2.00
தீர்வுகட்ட மதிப்பு.
வைகைப் பாலத்துத் தூணில்
வெள்ளத்துக்குப் போடும் கோடு மாதிரி.
ஆற்றுக்கு அந்தக் கோடு தெரியாது.
மணல் மட்டும் கிடக்கும் நாளில் நாம் போட்டது.
அதன் ஒரே யோக்கியதை அதுதான்,
தண்ணீரைப் பார்க்கும் முன் போட்டது.

"ஒண்ணுமில்லாத மருந்தை நம்பி
நூத்துக்கு அஞ்சு தடவை ஏமாறலாமா அண்ணே?"
சித்திரையில் கேட்டேன்.
"அஞ்சு தாங்கும்" என்றார் ஒச்சுக்காளை,
போனில் முகூர்த்த விலை பேசிக்கொண்டே.

கணக்கு வந்தது.
கரைசல் பெட்டிகள் சராசரி
நாற்பத்தொரு நிமிடம் தாமதம்.
யாரோ கைதட்டினார்கள்.
நான் சிதறலைப் பார்த்தேன்.
ஒரு பெட்டி எட்டு மணி நேரம் அடம்பிடித்தது,
இன்னொன்று மூன்றிலேயே சிரித்துவிட்டது,
இரண்டிலும் அதே கரைசல்.
அந்தச் சிதறலை முழக்கோலாக்கி
நாற்பத்தொன்றை அளந்தால்
1.94

கோட்டுக்கு ஒரு விரல் கீழே.

"பி மதிப்பு?"
0.057
"அப்ப இது தண்ணியா இருக்க ஆறு சதம்தான்.
மிச்சம் தொண்ணூத்தி நாலு நமக்கு!"

இல்லை அண்ணே.
இது தண்ணீராகவே இருந்து
இதே கிடங்கில் ஆயிரம் அதிகாலை
இதே போல அறுபது பெட்டி அடுக்கினால்,
ஐம்பத்தேழு அதிகாலைகளில்
தண்ணீரே முந்தியோ பிந்தியோ
இவ்வளவு வித்தை, இதற்கு மேலும் கூட,
காட்டிவிடும்.
அவ்வளவுதான் அந்த எண் சொல்வது.
பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று
அதற்கும் தெரியாது.

டைட்டஸுக்கு விஷயம் தெரிந்திருந்தது.
"ஒரு வாலை மட்டும் பாருங்க மேடம், 1.67 போதும்."
போதும்தான், சித்திரையில் கேட்டிருந்தால்.
பூவை முன்னதாகவே விரித்தும் இது கெடுக்கலாம் என்று
இரண்டு பக்கமும் காவல் போட்டோம்,
நீங்களும் தலையாட்டினீர்கள்.
ஈரம் காயும் முன் தூணில் கோடு வரைகிறவன்
ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் பார்ப்பான்.

"அப்ப உபயோகமில்லைன்னு எழுதிரு."
அதையும் எழுத மாட்டேன்.
'தண்ணீர் என்பதைத் தள்ள
இந்த அறுபது பெட்டி போதவில்லை.'
ஒச்சுக்காளை இரண்டு தடவை படித்தார்.
வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்றார்.
பிறகு, வெளியே டெம்போ ஹாரன் அடிக்க,
"ஆடி வரட்டும், கல்யாணம் இல்லை, பூ விலை விழும்.
இருநூறு பெட்டி வச்சுப் பாப்போம்."

மொக்கத்தாய் தயங்கி வந்தாள்.
அவள் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாம்,
இப்போதுதான் பஸ் நிலைய மணி பார்த்தாளாம்.
இரண்டு பக்கமும் அதே கடிகாரம்தானே அக்கா,
கழித்தால் போய்விடும் என்றேன்.
நம்பவில்லை. கடிகாரத்தைக் கழற்றி
மடியில் செருகிக்கொண்டாள்.

அவளிடம் ஈரத்துணி வாங்கிச் சுவரைத் துடைத்தேன்.
இருநூறு பெட்டிக்கு 1.97.
இன்றே எழுதிவிட வேண்டும்.