பதினான்கு சென்ட்

விருதம்பட்டு ஆலயப் பாடகர் குழுவில்
ஏழு வருஷம் என் இடம் தூணுக்குப் பின்னால்.
கீபோர்டு வாசிக்கும் எபிநேசர் அண்ணன்
தலையைத் திருப்பாமலே கேட்பார்:
"மீ இறங்குது. யாரது, நீதானா?"
நான்தான்.
ஆல்டோவில் பதினொரு பேர்.
இறங்குவது எப்போதும் நான்தான்.

இளங்கலை இசை, நான்காம் பருவம்,
செவ்வாய் காலை முதல் வகுப்பு ஒலியியல்.
மார்ச்சிலேயே மேசை சுடும் வேலூர்.
வாசவி மேடம் பலகையில் இரண்டு எண்கள் எழுதினார்:
நானூறு.
முந்நூற்று எண்பத்தாறு.
முதலாவது, கீபோர்டு தரும் அந்தர காந்தாரம்.
மற்றது, மீட்டிவிட்ட தம்புராவின் மந்தரத் தந்தி
யாரும் கேட்காமலே தானாகத் தருவது.
வித்தியாசம் பதினான்கு சென்ட் என்று சொல்லிவிட்டு
வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.
என் பெயர் வந்தபோது
"உள்ளேன்" என்று சொல்ல
எனக்குக் கொஞ்சம் நேரமானது.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்தேன்.
"பதினாலு சென்ட்டா? எந்தப் பக்கம்? பட்டா இருக்கா?"
சேவூர் வரை மனை பார்த்துத் தருகிறவர்,
சென்ட் என்றால் அவருக்கு மண்.
"என் காதுல இருக்குப்பா."
"எங்க இருந்தா என்ன, வில்லங்கம் போட்டுப் பாத்தியா?"

அறைத்தோழி தஸ்லீமா, பேரணாம்பட்டுக்காரி,
எழுபத்திரண்டு மேளத்தையும்
விரல் கணுக்களில் அடக்கி வைத்திருப்பவள்,
தூக்கத்தில் எழுப்பி ராகப் பெயர் சொன்னாலும்
கடபயாதியில் எண் சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பாள்.
ஏழு வருஷமும் நான் சரியாகத்தான் பாடினேன்
என்று அவளிடம் சொன்னேன்.
"பரீட்சைக்கு வருமா?"
வரும். இரண்டு மார்க்.

ஞாயிறு மாலை ஆராதனை முடிந்ததும்
நோட்டோடு எபிநேசர் அண்ணன் முன் நின்றேன்.
ஐந்தை நான்கால் வகுத்ததை,
பன்னிரண்டாகச் சமமாய் வெட்டிய படிகளை,
எல்லாவற்றையும் காட்டினேன்.
ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே பார்த்தார்.
"சரிம்மா. நீ சரி.
மத்த பத்து பேரு இந்தப் பெட்டியோடதானே பாடுறாங்க,
அவங்கள நான் எங்க கொண்டுபோய் விட?"
அதற்கு என் நோட்டில் பக்கம் இல்லை.

பாலாற்றுப் பாலத்தைப் பஸ் தாண்டியது.
கீழே வழக்கம்போல் ஆறு இல்லை.

தொரப்பாடியில் இறங்கி நடந்தால்
விடுதிக்கு முன் ஒரு டிரான்ஸ்பார்மர்.
ஐம்பது சுழற்சி மின்சாரம்
இரும்புக்குள் நூறாகி அதிரும், இதுவும் பாடம்தான்.
நூறு ஸ. இருநூறு, அதே ஸ, ஒரு மாடி மேலே.
முந்நூறு ப. நானூறு மறுபடி ஸ.
ஐந்நூறில் யாரோ சத்தம் போடாமல்
குந்தியிருக்கிறார்கள்.
சுற்றிப் பார்த்தேன்.
கிராக்கி இல்லாத கரும்புச்சாறுக்காரர்
மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.
பாடினேன்.

ஒத்துப்போகாத இரண்டு சுரங்களுக்கு நடுவே
எழும் நடுக்கத்துக்கு
இயற்பியல் புத்தகம் வைத்த பெயர் விம்மல்.
விம்மல் இல்லை.
சாவி போட்டதுபோல் என் காந்தாரம்
உள்ளே போய் நின்றது.
துடைத்த கை நின்றது.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

நான் விடவில்லை.
தெரு முழுக்க இருட்டு, ஆதாரம் இல்லை,
யார் வீட்டிலோ தீப்பெட்டி தேடும் சத்தம்.
மூச்சு எடுத்தேன், அதே இடத்தில் வைத்தேன்,
மறுபடி எடுத்தேன், வைத்தேன்,
இதோ, இதுதான், முந்நூற்று எண்பத்தாறு,
என் பெயருக்கு எழுதின நிலம்.

கரண்ட் வந்தது.
விம்மியது. நன்றாகவே விம்மியது.

இறங்கியிருந்தேன்.
பதினான்கு இல்லை, முப்பதாவது இருக்கும்.

கரும்புச்சாறுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்,
ஐஸ் இல்லாமல், தொண்டைக்காக.
மிஷின் ஓடும்வரை
டிரான்ஸ்பார்மர் சொல்வது எதுவும் காதில் விழவில்லை.
அது நின்றதும்
மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தேன்,
நூறு.