கப்பலூர்

பேர்தான் கப்பலூர்.
கடலுக்கு இங்கிருந்து மூன்று மணி நேரம்,
டோல்கேட்டில் வரிசை இல்லாவிட்டால்.

தகரக் கொட்டகைக்குள் மூன்று தொட்டிகள்.
மண்டபத்து மீன்வண்டியில்
அந்தோணிப்பிச்சை கொண்டுவருவார்
பன்னிரண்டு கேன் கடல்.
வவுச்சரில் ‘தண்ணீர்’ என்று எழுதுவேன்.

அதில் ஊறுகின்றன கான்கிரீட் கட்டிகள்,
இருபத்தெட்டு நாள், ஐம்பத்தாறு, நூற்றெண்பது.
பிறகு எந்திரத்தில் வைத்து நசுக்குவோம்.
எந்தக் கலவை உப்பைக் கம்பிவரை விடவில்லையோ
அது தோணித்துறைக்குத் தூணாகப் போகும்.

அன்று வரைபடம் மேசையில் விரிந்து கிடந்தது.
நாற்பத்திரண்டு தூண்கள்.
அலை முட்டாமல் ஊடே போக இடைவெளி,
படகு இடித்தால் வாங்கிக்கொள்ள ரப்பர்,
கயிறு சுற்ற இரும்புக் குமிழ்.
என் கணக்கில் கடல் ஓர் எண்,
பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி.

ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குனிந்தார்.
“ஏணி எங்கன முடியுது?”
“தாழ்நீர் மட்டத்துல.”
“விழுந்தவன் கால்
தண்ணிக்குள்ளதான் படியத் தேடும், மேடம்.
இன்னும் ரெண்டு கீழ.”

யார் விழுந்தது என்று நான் கேட்கவில்லை.
காலிக் கேன்களை எண்ணினார். ஒன்று குறைந்தது.
தேடி எடுத்துக்கொண்டுதான் போனார்.

பென்சிலால் இரண்டு கோடு சேர்த்து
சென்னைக்கு அனுப்பினேன்.
படி ஒன்றுக்கு எவ்வளவு கூடும் என்று பதில்.

சித்திரை வெயிலில்
தொட்டி ஒரு விரல் வற்றியிருந்தது,
விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு.
முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தேன்.
கட்டிகளில் பாசி.
பிடிக்க
ஒன்றும் அகப்படவில்லை.