ஏழாம் அடி

தீரியே ஆறு நாள் மல்லாந்து படுத்துக் கட்டிய வசை.
நூற்றிரண்டு அடி, அடிதோறும் ககர மோனை.
ஒருமுறைதான் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.
மனனக்காரன் மறுமுறை கேட்பதில்லை.

பூரோவிலிருந்து சர்க்கரை ஏற்றிய லாரி.
மூட்டைகளின் மேல் நான், என் வாய்க்குள் பாட்டு.
ஹௌத் சமவெளியின் செம்மண் தடத்தில்
வண்டி எகிறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன்,
ஒரு சொல்லும் சிந்திவிடக் கூடாதென்று.

இரண்டாம் இரவு அச்சு முறிந்தது.
நெருப்பு தெரிந்த பக்கம் நடந்தேன்.
ஒட்டகப்பால் தேநீர் தந்தார் ஒருவர்.
ஏலக்காய் தாராளம்.
இடது காதில் பாதி இல்லை.
அந்தக் காது என் முப்பதாம் அடியில் இருந்தது.

"என்ன சுமந்து வருகிறாய்?" என்றார் ரூப்லே.
சர்க்கரை என்று சொல்லியிருக்கலாம்.
"உங்களைத்தான்" என்றேன்.

ஆட்களை எழுப்பினார். போர்வையோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.
யார் பாட்டென்று முதலில் சொல்வது முறை.
சொன்னேன். ஒருவன் காறித் துப்பினான்.
கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன்:

    கஞ்சன், கன்றின் வாயிலிருந்து காம்பைப் பிடுங்கியவன்,
    கேட்டு வந்த நியாயத்தைக் கழுதையில் ஏற்றி அனுப்பியவன்

கொஞ்ச தூரம் போயிருப்பேன்.
கையை உயர்த்தினார்.
அதில் கத்தி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"ஏழாம் அடியைத் திருப்பிச் சொல்."
    ஊரார் ஊற்றைத் தனதென்று வளைத்தவன்
"எல்லா அடியும் ககரம். இதில் மட்டும் பல் விழுந்திருக்கிறதே.
தீரியே என் எதிரிதான், அரைகுறை அல்ல.
வழியில் நீ சிந்தியிருக்கிறாய்."

இருபது வருடத்தில் முதல் தடவை.
எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ அந்தச் சொல்.
தேடினேன். நெருப்பு வெடித்தது.
ஒட்டகம் ஒன்று எழுந்து, திரும்பவும் படுத்தது.

ஓட்டைப் பாட்டாக இது வெளியே போகக் கூடாது என்றார்.
பிறகு, தேநீர் ஆறும் நேரம் பொறுத்து, அவரே தந்தார்:

    காவலற்ற கேணியில் கல்லை உருட்டியவன்

மோனை சரி. அளவு சரி.
கல்லைப் பற்றித் தீரியேவுக்குத் தெரியாது.
எங்கள் பக்கம் எவருக்கும் தெரியாது.
கேணி தானாகத் தூர்ந்தது என்றுதான் இதுவரை பேச்சு,
அதன்பின் செத்த பதினொரு ஒட்டகங்களும் வறட்சிக் கணக்கில்.

அவர் ஆட்கள் அவரைப் பார்க்கவில்லை.
துப்பியவன் கோப்பையை எடுத்தான், குடிக்காமல் வைத்தான்.
"மேலே சொல்."
சொன்னேன். காது வந்த இடத்தில்
அவர் ஒருவர் மட்டும் சிரித்தார்.

திரும்பும் வழியில், வெற்றுச் சாக்குகளின் மேல்,
தொலைந்த அடி தானாக வந்து சேர்ந்தது:
    கூட்டுக் கேணியைக் கைக்குள் முடிந்தவன்.
சாதாரண அடி. அதுதான் தீரியேயின் அடி.
இன்னொன்றை அவர் பேரில் சொன்னால் பொய்.
சொந்தக்காரன் பேரில் சொன்னால் விடிவதற்குள் துப்பாக்கி.
இரண்டும் ஒரே வாயில், ஒரே ஏழாம் இடத்தில்.

"சிந்தாமல் சேர்த்தாயா?" என்றார் தீரியே.
தேநீரில் ஏலக்காய் அதிகம் என்றேன்.