நாற்பது மீட்டர்

சனிக்கிழமை வெடியால ஐந்தரைக்கு
உலக நேரத்தில் பூஜ்யம் அடித்தது.
காரணம்பேட்டையில் ஒரு தென்னைக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவே
என் செம்புக் கம்பி பனியில் சொட்டிக்கொண்டிருந்தது.
நாற்பத்தெட்டு மணி நேரம். நூறு வாட். தனி ஆள்.
வெள்ளகோயிலில் பங்காளி வீட்டுக் காதுகுத்து;
சீர்த்தட்டை மட்டும் அனுப்பிவைத்தேன்.
இனி மூணு வருசத்துக்கு அந்த வீட்டில்
எனக்குப் பேச்சு இல்லை.

விதி சுருக்கம்தான்:
பேரைச் சொல், ஐந்து ஒன்பது ஒன்பது சொல்,
மண்டலம் சொல், நகரு.
எனக்கு இருபத்திரண்டு.
கேட்டும் கேட்காமலும் இருக்கிறவனுக்கும் ஐந்து ஒன்பது ஒன்பதுதான்,
இந்த ஒரு பொய்க்கு மட்டும் தண்டனை கிடையாது.
புது நாடு ஒன்று விழுந்தால் மொத்தமும் பெருகும்.
ஒரே ஆளை அதே மீட்டரில் மறுபடி பிடித்தால் சுழி.
யார் எங்கே கூப்பிடுகிறார் என்று போனில் பார்த்தால்
நான் வேறு பிரிவு.
போனை அரிசி டப்பாவில் போட்டு மூடினேன்.

பகலில் பத்து, பதினைந்து.
ஒரே இடத்தில் குந்திக் கூப்பிட்டேன்.
ஜப்பான் வந்தது, முதல் பந்திக்கு முண்டுகிற ஒரம்பரை மாதிரி
ஒருத்தர் மேல் ஒருத்தர்.
மத்தியானத்துக்கு மேல் ஐரோப்பா.
கூட்டம் வற்றினால் எழுந்து தேடிப் போகவேண்டும்,
வற்றுமுன் எழுந்தால் இடம் போய்விடும்.
எப்போது எழுவதென்று
இருபது வருசமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

ராத்திரி நாற்பது மீட்டர்.
பக்கத்துச் சென்னியப்பன் கொட்டகையில் பதினாறு தறி.
காதுக்கு அது சடசட,
ரேடியோவுக்குச் சுவர்.

திங்கள் வெடிவதற்கு முன், மூணு பத்துக்கு
டிரான்ஸ்பார்மர் ஒருமுறை கனைத்து அணைந்தது.
பதினாறு நாடாவும் பாதி வழியில் நின்றன.
டிராக்டர் பேட்டரிக்கு ஒயரை மாற்றிக் கேட்டேன்:
கழுவிவிட்ட களம்.
எறும்பு நடந்தாலும் தெரியும்.

கானா. கேனரித் தீவு.
கரண்டு வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டேன்.
ஜன்னலுக்கு வெளியே, தறி ஓட்டுகிற மயிலாத்தாள்
முந்தானையால் கொசு விரட்டிக்கொண்டு
எதிர்மாறாக வேண்டிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு மீட்டருக்குத்தான் கூலி.

நாலு ஐந்து. உருகுவே.
அங்கே பொழுது சாய்கிற நேரம்.
என் பேரை முழுசாக எடுத்துவிட்டான்,
மண்டலம் பதிமூன்றும் தந்துவிட்டான்.
அவன் பேரில் கடைசி எழுத்து மட்டும் பாக்கி.
திருப்பிக் கேட்டேன்.
டா, டி, டி,
கரண்டு வந்துவிட்டது.

இன்னொரு டி இருந்திருந்தால் அது பி.
இல்லாவிட்டால் அது டி.
சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நன்றி சொல்லிப் போயிருப்பான்.

தப்பாக எழுதினால் அந்தப் புள்ளி போகும்,
அதற்கு மேல் பிடித்தமும் விழும்.
எழுதாமலே விட்டால் எனக்குச் சேதமில்லை;
என்னை நம்பி எழுதிவைத்தவனுக்கு அங்கே வெட்டு.
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
போட்டியில் கொஞ்ச நேரம் என்பது நாலு நாடு.
பி என்று எழுதினேன்.

ஐந்தரைக்கு எல்லாம் அடங்கியது.
முகம் கழுவ வந்தால், ஷிப்டு முடிந்து மயிலாத்தாள்.
"ராவெல்லாம் என்னங்க, கீக்கீன்னு?"
"நாப்பது மீட்டருங்க்கா."
"ரெண்டு ராத்திரிக்கு நாப்பதா? வெளங்கும்" என்று சிரித்தாள்.

கரண்டு நின்ற இடத்தில் அவள் துணியில்
குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கிறதாம்.
மடிக்கிறவன் பார்த்தால் பிடித்தம்.
"சொல்லிப்போட்டீங்களா?"
"அவன் கண்ணு எதுக்குங்க இருக்குது" என்றாள்,
டிபன் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு.