சுவரில் ஒரு வேடம்

மூன்றாவது படத்தில் நான் செத்துப்போயிருந்தேன்,
கதை தொடங்கும் முன்பே.
நாயகனின் முதல் மனைவி.
வரவேற்பறைச் சுவரில், சந்தன மாலைக்குள்,
பதினெட்டுக்கு இருபத்துநாலு அங்குலம்.
ஒரு நாள் சம்பளம், மதியச் சாப்பாடு உண்டு.
"பல்லு தெரியாம சிரிங்க" என்றார் போட்டோக்காரர்,
"செத்தவங்க அளவாத்தான் சிரிப்பாங்க."

முந்தைய இரண்டிலும் உயிரோடு இருந்தேன்.
ஒன்றில் தோழி. ஆறு வசனம்.
ஆறும் வேறொருத்தி குரலில் வந்தன.
டப்பிங் அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து,
ஊர் வாடை அடிக்குது என்றார்கள்,
கருவாட்டுக் கூடையைச் சொல்வதுபோல.
அடுத்தது எங்கள் சீமையில் நடக்கிற கதை.
மும்பையிலிருந்து வந்த பெண்ணுக்கு
'ஏட்டி' சொல்லக் கற்றுக்கொடுத்தேன்.
நன்றாகவே சொன்னாள்.
எனக்குக் கொடுத்த வேடம்
வாய் பேசாதவள்.

என் பெயர் பேச்சித்தாய்.
சினிமாவில் ஆருஷி.

படம் இல்லாத மாதங்களில்
(வருடத்துக்குப் பத்து)
ராதாபுரம் தாலுகா ஆபீஸுக்கு எதிரே
அம்மாவின் ஜெராக்ஸ் கடையில் நிற்பேன்.
பட்டா, வில்லங்கம், வருமானச் சான்று, வாரிசுச் சான்று.
மூடிக்கு அடியில் வெளிச்சம் ஒருமுறை போய்வரும்.
ஸ்ர்ர்ர்… டக். டக்.
இரண்டாவது டக் ஒரு இழை தாமதம்.
உள்ளே ஏதோ உருளை தேய்ந்திருக்கிறது.
வாரத்துக்கொரு சாக்குச் சொல்லி
எட்டு மாதமாக மெக்கானிக்கைத் தள்ளிப்போடுகிறேன்.
அந்தத் தாமதத்தின் மேல்தான்
என் பாட்டு அத்தனையும் உட்கார்ந்திருக்கிறது.

ஷட்டர் இறக்கியபின்
ஏ4 கட்டுகளை என்னைச் சுற்றி அடுக்குவேன்.
நடுவில் பழைய லேப்டாப்பும் ஒரு மைக்கும்.
தாள் சத்தத்தைக் குடித்துவிடும்.
பஸ் வராது, நாய் வராது.
ஆடியில் காற்றாலை மட்டும் வரும்.
அதை நிறுத்த யாராலும் ஆகாது,
அதற்கும் ஒரு டிராக் ஒதுக்கிவிட்டேன்.

மாலைச் சேதி கேட்டு
அம்மா மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள்:
"இருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டு மாட்டுவாவளா?
அந்தப் போட்டோவ வாங்கிட்டு வந்துரு.
காசு கேட்டா நான் தாரேன்."
கேட்டேன்.
"கிளைமாக்ஸ்ல உங்கள உடைக்கணும்ங்க" என்றான்
ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன்.
உடையும்போது அவள் என்ன சத்தம் போடுவாள்?
"கண்ணாடிச் சத்தந்தான்."
அதுக்கு முன்னால?
அவனிடம் பதில் இல்லை.

அன்றிரவே நாற்பது நொடி அனுப்பினேன்.
வாய் மூடிய முனகல்; அதற்கு அடியில் ஸ்ர்ர்ர், டக்.
இசையமைப்பாளருக்கு அல்ல,
அவருடைய உதவியாளரின் உதவியாளருக்கு.
ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டர்.
சனிக்கிழமை மதியம், பதினேழு பேர்.
சுவரில் நான் வந்தபோதெல்லாம்
அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.
அதனால் நான் உடைந்ததை அவள் பார்க்கவில்லை.
சத்தத்துக்குத்தான் நிமிர்ந்தாள்.
"ஏட்டி, இது நம்ம மெஷின்லா?"
பின்வரிசையில் யாரோ உஸ் என்றார்.
"ரெண்டாவது தட்டு பிந்தி விழுது பாரு."
அதன்மேல் என் குரலும் இருந்தது.
அதை அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பெயர்கள் ஓடின.
டிரோன், கேட்டரிங்,
நன்றி: இரண்டு ஊராட்சித் தலைவர்கள்.
ஆருஷி இருந்தாள், கடைசிக்கு முந்தின வரியில்.
முனகியவள் பெயர் எங்கும் இல்லை.

பஸ் நாங்குநேரி தாண்டும்போது போன்.
இன்னொரு கம்பெனி, இன்னொரு சுவர்,
இந்தத் தடவை மடியில் குழந்தையோடு.
"ரேட்டு கூட்டிக் கேளு" என்றாள் அம்மா,
ஜன்னலைப் பார்த்தபடி.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு,
"திங்கக்கிழம மெக்கானிக்க வரச் சொல்லிருந்தேன்.
வேண்டாம்னு போன் போட்டுரு.
எழுத்து மங்கலா விழுதுன்னு ஆளுவ ஏசுதாவ.
ஏசட்டும்."