இரட்டை வேகம்

கே.ஆர்.பி. அணை மதகுக்குக் கீழே
பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில்
ஓடவிடுவது என் வேலை.
காதல் கீச்சுக்கீச்சென்று கேட்கிறது.
மாங்கூழ் ஆலைக்குப் போகிற லாரிக்காரர்
ஹாரன் அடித்துச் சிரிக்கிறார்.

இம்தியாஸ் நொடிக்கு ஐம்பது பிரேம் எடுக்கிறான்.
திரையில் அது பாதி வேகம், கூந்தல் மிதக்கும்.
இங்கே முனிரத்னா
மூச்சிரைக்க ஓடுகிறாள்,
உதடு சொற்களைத் துரத்துகிறது.
பதினோராவது டேக்.
செருப்பு ஒன்று பாசியோடு போயிற்று.

இம்தியாஸின் அப்பா பாரூர்க் கல்யாணங்களில்
ஜூமை இழுத்து இழுத்து
மாப்பிள்ளை மூக்கில் போய் முட்டியவர்.
தலைவலி என்று அதைத் தூக்கிப்போட்டார்கள்.
அப்புறம் டிராலி. நானே தள்ளியிருக்கிறேன்,
தண்டவாளத்தில் ஒரு ஜல்லி கிடந்தால் போதும்,
கதாநாயகிக்கு விக்கல் வரும்.
ஜிம்மி வந்தபோது மறுமுனைக்கு
காவேரிப்பட்டினம் உடற்பயிற்சிக் கூடத்தில்
எடைத்தட்டு கடன் வாங்கினோம்.
ட்ரோன் ஏறியதும் எல்லோரும் கடுகு.
இப்போது போனை நிமிர்த்திப் பிடி என்கிறார்கள்;
அனுமதிக்குப் பணம் கட்டிய அணை
இரண்டு பக்கமும் வெளியே நிற்கிறது.
போன மாதம் ஒரு பையன் கேட்டான்,
அந்தப் பழைய ஜூம் கிடைக்குமா அண்ணா,
அந்த ஆட்டத்தோடு.

மானிட்டரைக் குனிந்து பார்த்தாள் முனிரத்னா.
"இவளுக்கு ஒரு அவசரமும் இல்ல பாரேன்" என்றாள்.
நைட் ஷிப்டுக்கான கம்பெனி பஸ்
மேலே ரோட்டில் வந்துவிட்டது.
ஒற்றைச் செருப்போடு படியேறி ஓடினாள்.

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
அந்தப் பாட்டை அதன் வேகத்தில்
இன்னும் கேட்டதில்லை.