கால் சுற்று

இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்.
மலைமேல் ஒரே தொட்டி.
ஆறடி நீள இரும்புச் சாவி ஒன்று, அது என் தோளில்.
கட்டர் ஃபிளாட்டை விட்டுக் கார்களெல்லாம் இறங்கிய பிறகு
நான் மேலே ஏறினேன்.

எரிந்து விழும் வீடு
குழாயை மூடிவிட்டுச் சாவதில்லை.
உருகிய மூட்டில் வாய் பிளந்து
யாருக்கும் ஆகாத தண்ணீரைக்
கரியின்மேல் கொட்டிக்கொண்டே இருக்கிறது.
சாம்பலைத் துழாவி மீட்டர் பெட்டியைத் தேடு,
மூடியைப் பெயர், சாவியை இறக்கு, திருப்பு.
அடுத்த வீடு.

தொட்டியில் பதினெட்டு அடி.
பதினான்கு.
பதினொன்று என்று ரூடி ரேடியோவில் சொன்னபோது
சொல்லைவிட இருமல்தான் அதிகம் கேட்டது.

அழுத்தம் விழுந்தால் என்ன ஆகும் என்று
ஆண்டுக் கூட்டத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறேன்.
பாதிப்பேர் காப்பி எடுக்கப் போய்விடுவார்கள்.
குழாய்க்கும் மூச்சு உண்டு.
நீர் நெருக்கித் தள்ளும்வரை வெளியே விடும்.
தளர்ந்தால்
உள்ளே இழுக்கும்:
புகையை, எரிந்த மெத்தையை, உருகிய தரைவிரிப்பை.
பென்சீன் பிளாஸ்டிக்கின் சதைக்குள் ஊறிவிடும்,
பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கக்கும்.
கொதிக்க வைத்தால்
சமையலறைக் காற்றில் ஏறும், அவ்வளவுதான்.

மான்சனிட்டா தெரு, நாற்பத்தொன்று.
டெல்ஃபின் ஆர்கட்டின் வீடு.
அது எரியவில்லை.
கூரைமேல் நான்கு தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருந்தன.
ஜன்னல் தொட்டியில் ஜெரேனியம் சொட்டச் சொட்ட நனைந்து நின்றது.
போகும்போது திறந்துவிட்டுப் போயிருக்கிறாள்,
நம்பி.

தொட்டியில் ஒன்பது அடி.
கீழே மருத்துவமனைத் தெருவில்
ஒரே ஒரு தீயணைப்பு வண்டி.

கால் சுற்றுதான்.
ஜாடி மூடிக்குக்கூட அதைவிட அதிகம் வேண்டும்.
தெளிப்பான்கள் ஒருமுறை தலையாட்டி நின்றன.

ஆறு வாரம் கழித்து ஆய்வகத் தாள் வந்தது:
கண்டறியப்படவில்லை.
பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நான் அதை வாசித்தேன்,
கேன் சுமந்து சலித்த ஊர் கை தட்டியது.
டெல்ஃபின் கடைசி வரிசையில் இருந்தாள்.
தட்டவில்லை.
அவளுக்கு இனி திறந்து பார்க்க ஒரு குழாயும் இல்லை.

எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து வந்தாள்.
"என் வீட்டை எத்தனை மணிக்கு மூடினாய், ஹோலிஸ்?"
"மூன்று பத்து."
"தீ எப்போது வந்தது?"
தெரியாது என்றேன்.
தெரியும்.

மேசையிலிருந்த தம்ளரை எடுத்தாள்.
கூடத்துக் குழாயில் பிடித்தாள்.
முகர்ந்தாள்,
நெடுநேரம்,
பால் திரிந்ததா என்று பார்ப்பவள்போல.
பிறகு என் பக்கம் நீட்டினாள்:

"முதலில் நீ."